நண்பனின் தகப்பனுக்குச் சொன்ன செபம்

ஊத்துக்கோட்டை பஸ் எங்கள் பள்ளி வாசலில் நிற்காது. நிறுத்தம் சற்றுத் தள்ளி, சோடாக் கடைக்கு எதிரில் இருந்தது. வாசலிலேயே பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டால் வகுப்பில் எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிடுவோம். தந்தி ஆபீஸ் இல்லாத கிராமங்கள் சாவுச் சேதியைக் கண்டக்டரிடம்தான் சொல்லி அனுப்பின.

பள்ளியின் வரலாற்றை எழுதித் தரும்படி பழைய மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஓட்டுக் கொட்டகை எப்போது மாடிக் கட்டடம் ஆனது, ஆய்வுக்கூடம் எப்போது வந்தது என்பதையெல்லாம் சரிபார்த்துவிட்டேன். பெரிய சாமியின் காலத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. தலைமையாசிரியராக இருந்த பாதிரியாரை நாங்கள் அப்படித்தான் அழைத்தோம். கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுபோய் விடுவதற்கென்றே அந்தப் பள்ளியை அவர் நடத்தினார். விடுதிப் பிள்ளைகளின் வீட்டுக் கதைகளெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு நாள் நடந்த பிழைக்கு அந்த மனப்பாடமே காரணம்.

அறுபதுகளின் கடைசி, பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தவக்காலம். இறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பஸ் வாசலில் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடியே காவற்காரரிடம் கத்தினார்.

"உங்க சவரிமுத்து நைனா பூட்டாராம்பா! சட்டுனு அனுப்பச் சொன்னாங்கோ."

"எந்த சவரிமுத்துபா? எந்த ஊரு?"

"வழியில ஒரு ஆளு ஓடியாந்து சொன்னான். கும்பல்ல நான் இன்னாத்த கண்டேன்? ரைட், ரைட்!"

ஞானஸ்நானத்தில் அதே பெயரைப் பெற்ற இருவர் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். இருவருக்கும் ஊர் அந்த பஸ் போகும் வழியில்தான். ஒருவன் நெட்டை சவரி, மற்றவன் குட்டை சவரி. நெட்டையின் தகப்பனார் காசநோயில் மாதக்கணக்காகப் படுத்திருந்தார். அவருக்காகத் தினமும் வேண்டிக்கொண்டிருந்தோம். குட்டையின் தகப்பனார் செங்கல் சூளையில் மண் மிதிப்பவர்; போன மாதம்தான் தலையில் ஒரு பலாப்பழத்தோடு வந்து எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டுப் போனார். பெரிய சாமி ஒரு கணமும் யோசிக்கவில்லை. நெட்டையைக் கூப்பிட்டு, தோளில் கைவைத்துச் சொல்லி, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

தகப்பனை இழந்தவனின் உற்ற தோழன் அன்று மாலை செபமாலையை முன்னின்று சொல்ல வேண்டும் என்பது விடுதியின் வழக்கம். குட்டைதான் முன்னின்றான். கோவிலில் நல்ல புழுக்கம். அவனுடைய குரல் ஓடிக்கொண்டே போனது. நடுவில் ஒருமுறை கொட்டாவி விட்டான். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

மறுநாள் காலை பெரிய சாமியின் ஆங்கில வகுப்பில் இருந்தோம். நெட்டை வந்தான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, இருமியபடி, அவனுடைய தகப்பனார் வந்தார். முன்பெஞ்சில் ஒருவன் அலறிவிட்டான்.

"பயப்படாதீங்கடா, நான் இன்னும் பூடல," என்றார் அவர். பிறகு பெரிய சாமியிடம், "இவன் ஊட்டாண்ட வந்து என்னக் கட்டிக்கினு ஒரே அழுவ. இன்னாடா பேஜாருன்னு நானே நேர்ல வந்துட்டேன் சாமி" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். பெரிய சாமியும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். அவர் பார்வை வகுப்பின் ஓரத்துக்குப் போனது. எங்கள் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. குட்டை சவரி மட்டும் கடைசிவரை சிரித்துக்கொண்டிருந்தான்.

பெரிய சாமியே அவனோடு பஸ்ஸில் போனார். அவன் தகப்பனாரைச் சூளையில் பாம்பு கடித்திருக்கிறது. மகன் வருவான் என்று காத்திருந்து, வெயிலில் உடல் தாங்காது என்று அன்று விடியற்காலையில் அடக்கம் செய்துவிட்டார்கள். அவனுக்குப் பார்க்கக் கிடைத்தது ஈரம் காயாத மண் மட்டும்.

தேர்வுக்காக அவன் திரும்பி வந்த மாலையில் பெரிய சாமி எங்கள் எல்லோரையும் கோவிலுக்கு அழைத்தார். யாரும் மண்டியிடுவதற்கு முன் குட்டை கேட்டான்.

"சாமி, அன்னிக்கு நான் சொன்னேனே, அது எங்கப்பாவுக்குப் போய்ச் சேந்துச்சா?"

"சேர்ந்திருக்கும்ப்பா. ஆண்டவருக்குத் தெரியும்."

"இல்ல சாமி. நான் மனசார சொல்லல. பசி. எப்ப முடியும்னுதான் இருந்துச்சு. வேற ஒருத்தனோட அப்பாதானேன்னு சொன்னேன்."

மறையுரையில் எதற்கும் பதில் வைத்திருந்த மனிதர் பீடப்படியை விட்டு இறங்கினார். பிறகு அவனுக்குப் பின்னால், எங்கள் வரிசையில் வந்து மண்டியிட்டார். குட்டை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே அவ்வளவு இடைவெளி விட்டான். இரவுச் சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் பெரிய சாமி மாற்றலாகிப் போனார். குட்டை சவரி கல்லூரி முடித்து எங்கோ வடக்கே வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்வி. பள்ளி வரலாற்றில் இதை எந்த இடத்தில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன மாதம் கும்மிடிப்பூண்டிச் சாலையில், கம்பெனி லாரிகளுக்கு நடுவே ஒரு சவ ஊர்வலம் போனது. டீக்கடையில் நின்றிருந்தவர்கள் யார், எந்தத் தெரு என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தச் செபத்தைச் சொல்லத் தொடங்கினேன், மெதுவாக, ஒரு சொல்லையும் விழுங்காமல்.