சத்தமில்லாத அழுகை

டெய்லரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கடைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் தெருக்கதை முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அப்பேர்ப்பட்டவள் மகன் பிறந்ததிலிருந்து வாயடைத்துப் போயிருந்தாள்.

என்ன அவசரமோ, இரண்டரை மாதம் முந்திக்கொண்டு வந்துவிட்டான். பிறந்த கையோடு மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் இறக்கினார்கள். அது போதாதென்று ரத்தத்தில் புகுந்த கிருமி மூளை வரைக்கும் போய்விட்டது. சோதனைக்காக முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீர் கலங்கலாக வந்தது. வலிப்பும் வந்தது.

தொண்டையில் குழாய் இருந்தால் அழுதாலும் சத்தம் வராது. முகம் சிவந்து, வாய் கோணி, கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் பாட்டுக்கு அழுவான். ஒரு சின்னச் சத்தம்கூடக் கேட்காது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது போலக் கொடுமை வேறில்லை. தாய்ப்பால் எடுத்துவைக்கும் அறையில் மற்ற அம்மாக்கள், “அழுது அழுது உயிரை வாங்கறான்” என்று சலித்துக்கொண்டால் இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கொழுப்பெடுத்தவளுங்க!

வலிப்பு நின்றதும் டாக்டரம்மாவை மடக்கினாள்.

“இனிமே மருந்து எதுக்கு டாக்டர்? குழாயை எடுத்துடலாமே?”

“ஆள் தெளிஞ்ச மாதிரி தெரியும்மா, கிருமி உள்ள ஒளிஞ்சிருக்கும். மருந்து மூணு வாரமும் போயே ஆகணும். குழாயை வேணா நாளைக்கு எடுத்துப் பாக்கலாம்.”

“எடுத்தா அழுவானா?”

டாக்டரம்மா பெட்டிக்குள் குனிந்து அவனைப் பார்த்தார். “மூளை எவ்வளவு அடி வாங்கியிருக்குன்னு இப்ப சொல்ல முடியாது. நல்லா அழுதான்னா எனக்கும் நிம்மதி.”

அன்று மதியம் பால் எடுத்துக்கொண்டிருந்தபோது வார்டிலிருந்து ஒரு அழுகை வந்தது. தொண்டை கட்டிய, கரகரத்த அழுகை. நிற்கிற வழியாக இல்லை. டெய்லரம்மாவுக்கு வயிறெரிந்தது. கொடுத்துவைத்தவள், யாரோ.

“புள்ள இந்தக் கத்து கத்துது,” என்றாள் பக்கத்திலிருந்தவளிடம். “பெத்தவ எங்க போய்த் தொலைஞ்சா?”

கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் அக்கா வந்தார். மூச்சு வாங்கியது.

“இங்கயா இருக்கீங்க? நாளைக்கு எடுக்க இருந்த குழாயை உங்க பையன் இன்னைக்கே புடுங்கிப் போட்டுட்டான். தானா மூச்சு விடறான். கேக்கலையா, அவன்தாம்மா அழறான்!”

டெய்லரம்மா எழப் பார்த்தாள். மடியிலிருந்த பால் கிண்ணம் தடுத்தது. நர்ஸ் அக்காவுக்குப் பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டிருந்தது; அழுகைச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

“கதவைச் சாத்திடாதீங்கக்கா,” என்றாள்.