சுன்னாகம் போய் வந்த கட்டடம்

பாவனைக்கு உதவாது என ஒதுக்கப்பட்ட அரச வாகனம் தாமதமின்றி விற்கப்படல் வேண்டும். விற்கப்படும்வரை அதன் பாகங்கள் எவையும் கழற்றப்படலாகாது.

விதியின் சாரம் இதுதான். எங்கள் அலுவலகத்தில் இதன் இரு பகுதிகளையும் இடம்மாற்றிப் படித்தார்கள். விற்பனை நடக்காது, கழற்றுவது மட்டும் தாமதமின்றி நடக்கும். புதிதாகப் பணியில் சேரும் பிள்ளைகள் விதி எதற்கு என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்காக ஒரு ஜீப்பின் கதையை எழுதிவைக்கிறேன்.

1. தற்காலிக வண்டி

எங்கள் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் பச்சை நிற லான்ட் ரோவர் ஒன்று இருந்தது. நீண்ட சஸி, முன்னால் மூன்று பேர் இருக்கலாம், பொனற்றின் மேல் உதிரிச் சில்லு, ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடு. உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடாம், அலுமினியம் மிச்சமாம். நிலைமை சீராகும்வரை வயல் வேலைக்குக் கமக்காரருக்கு ஒரு வண்டி என்று தற்காலிகமாகச் செய்யத் தொடங்கியதுதான் இந்த வகை என வாசித்திருக்கிறேன். பிறகு அது பல பத்தாண்டுகள் நின்று பிடித்தது. அரசாங்கத்தில் வேலை செய்தவனுக்கு இதில் வியப்பில்லை. தற்காலிகம் என்று பெயர் வைத்த எதுவும் இலகுவில் ஒழியாது.

உடம்பு அலுமினியம் என்பதால் எங்கள் உப்புக்காற்றால் அதைத் தின்ன முடியவில்லை. தகடுகள் தட்டையானவை, நெளிந்தால் எந்தத் தகர வேலைக்காரரும் தட்டி நிமிர்த்துவார். பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. சேலைன் போத்தலில் சேமித்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளி விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார் சாரதி மரியதாஸ்.

மரியதாஸ் குருநகர்க்காரர். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் தரையில் ஓட வந்தவர். வண்டி ஓட்டும்போது கேட்டால் மட்டும்தான் கதைப்பார். காலையில் வந்ததும் உள்ளங்கையால் பொனற்றை ஒருமுறை தடவுவார். தூசு இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வார். தூசு இல்லாத மாரியிலும் தடவுவார்.

2. சுன்னாகத்தில் மழை

நான் பிரதம லிகிதராக, சாரதிகளின் வாயில் 'சி.சி.'யாக, பொறுப்பேற்ற முதல் மாரி. அதிகாரம் பெறாத எவரையும் அரச வாகனத்தில் ஏற்றலாகாது என்ற சுற்றறிக்கையை எல்லாச் சாரதிகளுக்கும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தேன். மறுநாள் தெல்லிப்பழைப் பக்கம் வேலை முடித்து, ஜீப்பில் இடப்பக்க இருக்கையில் அமர்ந்து திரும்பிக்கொண்டிருந்தேன். சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட மழை அடித்து ஊற்றியது. பஸ் தரிப்பில் கூரை இல்லை. ஒரு பெண் தலையில் கருவாடு விற்ற ஓலைக் கடகத்தைக் கவிழ்த்துப் பிடித்தபடி நின்றா. ஜீப்பைக் கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா.

"பாவம், அந்த மனிசி நல்லா நனையுது. டவுண் வரைக்கும் ஏத்துவமோ?" என்று கேட்டேன்.

"ஏத்தேலாது, சி.சி. ஐயா. நேற்றுத்தானே கையெழுத்து வாங்கினீங்கள்."

எனக்கு முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. ஆனாலும் பிடி கொடுக்காமல், "தெரிஞ்ச ஆளோ?" என்றேன்.

"ஓம். என்ரை மனிசி."

அதற்குள் ஜீப் மருதனார்மடம் தாண்டிவிட்டது.

"எட, திருப்பும். திருப்பும் மரியதாஸ்."

"திருப்பினாலும் சட்டம் அதுதானே ஐயா. அவ பஸ்ஸிலை வருவா. நான் சங்கடப்படக் கூடாதெண்டுதான் அங்காலை பாத்துக்கொண்டு நிண்டவ."

திருப்பவில்லை. அதன்பிறகு அலுவலகத்தில் ஏதாவது விருந்து, ஒன்றுகூடல் என்றால் அவருடைய மனைவி றெஜினா என்னைக் கண்டதும் சிரிப்பா. "சி.சி. அண்ணை, உங்கடை ஜீப்புக்கு என்னை வெளிப்பக்கத்தாலை மட்டும்தான் தெரியும்" என்பா.

3. வாகனம் கட்டடமான விதம்

புதிய டபிள் கப் வாகனங்கள் வந்தன. ஜீப்பைப் பாவனைக்கு உதவாது என்று கண்டெம் பண்ணி, வளவின் மூலையில் வேப்பமரத்தின் கீழ் விட்டார்கள். விற்பனைக் கோப்பு தலைமை அலுவலகம் போனது. போன கோப்பு அங்கே குடியேறிவிட்டது. இங்கே முதலில் பற்றரி போனது. பிறகு சில்லுக் கழற்றும்போது வண்டியைத் தூக்கும் ஜக்கி. பிறகு ஒரு பக்கக் கண்ணாடி. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அவசரம்.

ஓய்வு பெறுவதற்குச் சில காலம் முன்னர் மரியதாஸ் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, உந்த ஜீப்பை எனக்கு விக்கேலாதோ? பெடியளுக்கு வள்ளம் கரைக்கு இழுக்க உதவும்."

"கேள்விப்பத்திரம் கோரி, ஆக்களிட்டை விலை கேட்டுத்தான் விக்கலாம். கோப்பு வரட்டும்."

"கோப்பு வரேக்குள்ளை ஸ்ரியறிங்கும் இராது ஐயா."

அவர் சொன்னது சரி. அந்த வாரம் சீமெந்துப் பைகள் நனையாமல் வைக்க இடம் தேவைப்பட்டது. பைகளை ஜீப்பின் பின்பகுதியில் அடுக்குவித்து, அதை வாகனப் பதிவேட்டிலிருந்து நீக்கி, 'தற்காலிகக் களஞ்சியக் கட்டடம்' எனப் பதிந்து, பொறியியலாளரின் ஒப்பத்தையும் பெற்றேன். வாகனத்தில் ஆணி கழற்ற ஒரு சாவி போதும். கட்டடத்தில் ஆணி கழற்றக் கட்டடப் பகுதியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அதன்பிறகு ஒருவரும் அதில் கை வைக்கவில்லை. காணாமற்போன பக்கக் கண்ணாடிகூட ஒரு திங்கட்கிழமை தானாக வந்து பூட்டியிருந்தது.

என் சேவைக்காலத்தில் நான் செய்த மிகக் கெட்டித்தனமான வேலை அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மரியதாஸ் ஓய்வு பெற்றார். பின்னர் நானும் ஓய்வு பெற்றுக் கரவெட்டிக்கு வந்துவிட்டேன்.

4. பதில் வராத கடிதம்

சென்ற ஆண்டு தை மாதம் மரியதாஸ் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"றெஜினாவுக்கு இருதயம் சரியில்லை ஐயா. ஒப்பரேசன் தாங்காது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். கன நாளைக்கு இல்லை."

அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்தேன்.

"ஒண்டும் கேக்கிறாள் இல்லை. நேற்று மட்டும் கேட்டாள். சுன்னாகம் பஸ் ஸ்ராண்டிலை நிக்க வேணுமாம். ஜீப் வந்து நிக்க வேணுமாம். ஏற வேணுமாம். விசர்க்கதை. ஆனா கேட்டிட்டாள்."

மறுநாளே அலுவலகம் போனேன். என் கதிரையில் இப்போது இருப்பவர் தர்ஷினி. நான்தான் அவரைப் பயிற்றுவித்தேன். ஜீப்பை விற்கமுடியுமா என்று கேட்டேன். கணினியில் பார்த்தார்.

"சேர், அப்பிடி ஒரு வாகனமே எங்களிட்டை இல்லை."

வேப்பமரத்தின் கீழ் நின்ற ஜீப்பை யன்னலால் காட்டினேன்.

"அது கட்டடம் சேர். நீங்கள்தான் பதிஞ்சிருக்கிறீங்கள்."

கட்டடத்தை மீண்டும் வாகனப் பதிவேட்டில் சேர்க்க அனுமதி கோரித் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வரைந்து கொடுத்தேன். எல்லா இணைப்புகளும் ஒழுங்காக இருந்தன. தை போனது. மாசி போனது. நினைவூட்டல் அனுப்பினோம். சித்திரையில் இரண்டாவது நினைவூட்டல். நான் கரவெட்டியிலிருந்து வந்து தர்ஷினியின் முன்னால் இருப்பேன். அவர் தலையை ஆட்டுவார். திரும்பும் வழியில் குருநகருக்குப் போனால் றெஜினா கட்டிலில் இருந்தபடி, "என்ன அண்ணை, சுற்றறிக்கை இன்னும் மாறேல்லையோ?" என்று கேட்பா. ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

வைகாசியில் ஒருநாள் தர்ஷினி கோப்பை மூடிவிட்டுச் சொன்னார்: "சேர், ஏன் அதை வாகனமாக்க நிக்கிறியள்? கட்டடமாவே இருக்கட்டும். தற்காலிகக் கட்டடத்தை அகற்றி, பொருளைக் கேள்விப்பத்திரத்திலை விக்க எங்கடை பொறியியலாளருக்கே அதிகாரம் இருக்கு. கொழும்புக்கு எழுதவே தேவையில்லை."

மூடிய கோப்பை என் பக்கம் இழுத்துத் திறந்தேன். பிறகு, "உமக்கு இதை ஆர் படிப்பிச்சது?" என்று கேட்டேன்.

"நீங்கள்தான் சேர். நீங்கள் மறந்திட்டியள்."

விளம்பரம் அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்டது. பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து கட்டடம் எங்கே என்று கேட்டார். காவலாளி ஜீப்பைக் காட்டினார். பகிடி பண்ணுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். மரியதாஸின் விலைமனு ஒன்றுதான் வந்தது. பொறியியலாளரின் மதிப்பீட்டுக்குக் குறையவில்லை என்பதால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அகற்றல் கட்டளையில், மேற்படி கட்டடத்தைக் கொள்வனவாளர் தன் செலவில் தான் விரும்பும் இடத்துக்கு அகற்றலாம் என்றிருந்தது. நான் இரண்டுமுறை வாசித்தேன். எந்த வழியால் அகற்ற வேண்டும் என்று எங்கும் சொல்லியிருக்கவில்லை. அலுவலகத்திலிருந்து குருநகருக்குத் தெற்கே போகவேண்டும். சுன்னாகம் வடக்கே இருக்கிறது.

5. அகற்றல்

மரியதாஸின் மகன் உழவு இயந்திரம் ஒன்று கொண்டுவந்தார். ஜீப்பைக் கயிற்றால் தொடுத்தோம். சில்லுகளுக்குக் காற்று மட்டும் போதுமாயிருந்தது. மரியதாஸ் பொனற்றைத் தடவினார். இந்தமுறை கை முழுக்கத் தூசு. ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி ஏறி அமர்ந்தார். நான் பழையபடி இடப்பக்கம். கேற்றில் காவலாளி வெளியேற்றப் பத்திரத்தில் 'கட்டடம் – 1' என எழுதி ஒப்பம் வாங்கினார்.

கோண்டாவில் தாண்டியதும் பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார்.

"நம்பர் பிளேற் இருக்கு. லைசென்ஸ் எங்கை?"

"இது வாகனம் இல்லை," என்று கட்டளையைக் கொடுத்தேன். "களஞ்சியக் கட்டடம்."

அவர் வாசித்தார். ஜீப்பைச் சுற்றிவந்தார். மறுபடி வாசித்தார்.

"கட்டடத்துக்குள்ளை ஆக்கள் இருக்கினம்."

"கட்டடத்துக்குள்ளை ஆக்கள் இருக்கிறது வழமைதானே."

அவர் என் வயதைப் பார்த்தாரோ, முத்திரையைப் பார்த்தாரோ தெரியாது. "பின்னாலை ஒரு சிவப்புத் துணி கட்டுங்கோ. நீட்டா இழுக்கிற சாமானெண்டா துணி கட்ட வேணும்" என்றார். அந்த விதி சரியானது. கட்டினோம்.

றெஜினாவை மகள் ஓட்டோவில் முன்கூட்டியே கூட்டிவந்திருந்தா. பஸ் தரிப்புக்கு இப்போது கூரை உண்டு. ஆனால் அவ கூரைக்கு வெளியே, றோட்டுக் கரையில், மகளின் தோளைப் பிடித்தபடி நின்றா. நல்ல சீலை உடுத்திருந்தா. கையில் வெறும் கடகம் ஒன்று. இந்தமுறை முகத்தைத் திருப்பவில்லை.

உழவு இயந்திரம் நின்றது. ஜீப் நின்றது. நான் இறங்கிக் கதவைப் பிடித்தேன்.

"அது அதிகாரியின்ரை சீற்றல்லோ அண்ணை?"

"நீங்கள்தான் இப்ப சொந்தக்காரர். நான்தான் அதிகாரம் பெறாத ஆள்."

நானும் மகளும் தூக்கி ஏற்றினோம். நான் பின்னால் போய்ச் சீமெந்துத் தூசுக்குள் இருந்தேன். இழுவை தொடங்கியது.

"அரை மைலிலையே இதின்ரை சத்தம் எனக்குத் தெரியும்," என்றா றெஜினா. "இண்டைக்குத்தான் சத்தமில்லாமல் வருது. இஞ்சருங்கோ, கியருக்குப் பக்கத்திலை உந்த மஞ்சள் குமிழ் என்னத்துக்கு?"

"அதை அமத்தினா முன் சில்லும் சேந்து இழுக்கும்."

"சிவப்பு?"

"அது மெல்லப் போறதுக்கு. மெல்லத்தான் போகும், ஆனா எவ்வளவு பாரமெண்டாலும் இழுக்கும்."

"அப்ப அது நான்."

மரியதாஸ் கேட்டால் மட்டும்தான் கதைப்பார் என்றேன் அல்லவா. இடக்கையை மட்டும் சிவப்புக் குமிழின் மேல் வைத்திருந்தார். இழுபடும் ஜீப்பில் அந்தக் குமிழால் ஒரு பயனும் இல்லை. றெஜினா தன் கையை அதன்மேல் வைத்தா. பின்னால் இருந்த எனக்கு அதற்குமேல் பார்ப்பது முறையாகத் தெரியவில்லை. சிவப்புத் துணி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

6. தாமதமின்றி

பற்றரி போட்டு, காபரேற்றரைத் துப்புரவாக்கி, மகன் எஞ்சினை எழுப்பினார். பதிவில் வாகனம் அல்லாததால் ஜீப் றோட்டில் ஓடக்கூடாது. கடற்கரை றோட்டு அல்ல. பாதை இல்லாத இடத்தில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட வண்டி, சட்டப்படியும் பாதை இல்லாத இடத்தில் மட்டுமே ஓடியது. காலையில் வள்ளம் இழுக்கும். வெயில் சாய்ந்தபின் றெஜினாவை வைத்துக்கொண்டு மரியதாஸ் அலைக்கரையோரம் கோயில்வரை போய்த் திரும்புவார்.

புரட்டாதியில் அவ காலமானா. முப்பத்தோராம் நாள் பூசைக்குக் குருநகர் போனேன். மறுநாள் தர்ஷினி கூப்பிட்டார். தலைமை அலுவலகத்தின் பதில் வந்திருந்தது. கோரிக்கை அனுமதிக்கப்படுகிறதாம். மேற்படி கட்டடத்தை வாகனமாகக் கருதலாமாம். விற்கப்படும்வரை அதை அலுவலக வளவில் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டுமாம்.

'தாமதமின்றி' என்ற சொல்லைச் சேவைக்காலம் முழுவதும் தட்டச்சு செய்திருக்கிறேன். அலங்காரச் சொல் என்றே நினைத்திருந்தேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: விதியை எழுதியவர் அந்த ஒரு சொல்லைத்தான் யோசித்து எழுதியிருக்கிறார். மற்றதெல்லாம் அதைச் செய்து முடிக்கும் வழி.

பதிலின் பிரதியைக் குருநகருக்குக் கொண்டுபோனேன். மரியதாஸ் ஜீப்பில் இருந்தார். கடிதத்தை இடப்பக்க இருக்கையில் வைத்தேன். அவர் அதை எடுத்து மடித்து, முன் தட்டில் செருகிவிட்டு, "அதிலை ஒண்டும் வைக்காதையுங்கோ ஐயா" என்றார். நான் பின்னால் ஏறினேன்.

பதில் கிடைத்த திகதி: 22.10.2024.