பதினெட்டு இன்ச்சிலிருந்து பதினாறுக்கு இறங்கிய வண்டி

1. கயிற்றோடு வந்த பிக்கப்

அந்த பிக்கப் எங்கள் கடைக்கு முதல் தடவை வந்தபோது அதன் முன்பக்கக் கொக்கியில் நைலான் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. டிராக்டரில் கட்டி இழுத்த கயிறு. அவிழ்க்கக்கூட நிற்காமல் நேராக ஓட்டி வந்திருந்தார்கள். சக்கரங்களின் உட்புறத்தில் ஈர மணல் அப்பியிருந்தது. பின்னால் காலி மீன் கிரேட்டுகளுக்கு நடுவே நான்கு பெண்கள் உட்கார்ந்து, கடையை ஒரு கண்காட்சி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு டயர் கடையில் கவுண்ட்டர் பார்க்கிறேன். எந்த வண்டிக்கு எந்த டயர், எந்த ரிம் என்று சொல்வது என் வேலை. எங்களிடம் வருபவற்றில் பாதி கன்டெய்னர் டிரெய்லர்கள், மீதி இரும்பு ஏற்றும் லாரிகள். கடற்கரை மணலில் ஓட வேண்டிய வண்டி என்று ஒன்று அதுவரை வந்ததில்லை.

முன்சீட்டிலிருந்து இறங்கியவர் கன்னியம்மா. எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் மீன் வியாபாரம் செய்பவர். ஐம்பது வயது இருக்கும்.

"நீதான் டயர் சொல்ற பொண்ணா? இத்த பாரு. ரெண்டு வாட்டி மணல்ல குந்திகிச்சு. மூணாவது வாட்டி குந்திச்சுன்னா எங்க பொயப்பு போச்சு."

விஷயம் இதுதான். கன்னியம்மாவும் இன்னும் ஐந்து பெண்களும் சேர்ந்து இந்த வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார்கள். குப்பத்தில் படகு நிற்கும் இடத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே அகலமான மணல். அதுவரை அந்த மணலில் மீன் கூடையைத் தலையில் வைத்துத்தான் நடந்தார்கள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் தண்ணீர் ஓரம் வரை போய் ஏற்றிக்கொள்ளலாம் என்று கணக்கு. ஆனால் வண்டி இரண்டு தடவையும் புதைந்தது, மணலில் படகுகளை மேலே ஏற்றும் பாதையில். பின்னால் வந்த படகுகள் ஏற முடியாமல் அலையிலேயே நின்றன. மூன்றாவது தடவை மாட்டினால் வண்டி மணலில் இறங்கவே கூடாது என்று குப்பத்து நாட்டார் சொல்லிவிட்டார். குப்பத்தில் அவர் சொன்னால் அது முடிவு.

"அவுரு சொன்னது நாயம்தான்" என்றார் கன்னியம்மா. "போட்டு ஏத்துற வயில நாம குந்திகினா அவுங்க எங்க போவாங்க? ஆனா வண்டி எறங்கலன்னா மறுபடியும் தலைல கூடதான். இவளுங்களுக்கு கய்த்து வலி இப்பதான் கொஞ்சம் கொறஞ்சிகீது."

டிரைவர் ஏழுமலை, கன்னியம்மாவுடைய கணவரின் தம்பி. பல வருடம் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டியவர். அவர் முடிவோடுதான் வந்திருந்தார். போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"மேடம், இருவது இன்ச்சு ரிம்மு. இந்த மாரி பெரிய பட்டன் வெச்ச மட் டயரு. இத்த மாட்டுனா மணலு இன்னா, மலையே ஏறும். வண்டியும் ஷோக்கா இருக்கும்."

பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னார்: "மீனு ஏத்துறதுக்கு ஷோக்கு எதுக்கு நைனா? மீனு இன்னா பொண்ணு பாக்கவா போவுது?"

ஏழுமலை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

2. வடையும் ஓட்டையும்

வண்டியைச் சுற்றி வந்தேன். அந்த மாடலில் விலை கூடிய மேல்தட்டு வகை. பதினெட்டு இன்ச் அலாய் வீல், 265/60 டயர். ரோட்டுக்கு நல்ல செட். ரிம் பெரியதாக இருப்பதால் டயரின் பக்கச் சுவர் குட்டையாக இருக்கும். வளைவில் வண்டி ஆடாது, பார்க்கவும் அழகு. மணலில் அதுவே குறை. மணலில் டயர் நசுங்கி அகல வேண்டும். நசுங்குவதற்கு அதில் ரப்பர் உயரம் வேண்டும்.

"இருபது வேண்டாம். பதினெட்டும் வேண்டாம். பதினாறுக்கு இறங்குங்க" என்றேன்.

ஏழுமலை என்னைப் பார்த்தார். "ஆட்டோ வீல மாட்டி அனுப்பப் போறீங்களா மேடம்?"

பில் தாளின் பின்பக்கத்தில் இரண்டு படம் வரைந்தேன். இரண்டிலும் வெளி வட்டம் ஒரே அளவு. இரண்டாவதில் உள்வட்டம் மட்டும் சிறியது. 265/70 R16, அதாவது அதே அகலத்தில் சுவர் உயர்ந்த பதினாறு இன்ச் டயர், போட்டால் மொத்த உயரம் பழையதற்கு இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். வண்டி தாழாது, ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. ஆனால் ரப்பர் சுவர் எல்லாப் பக்கமும் ஒரு இன்ச்சு கூடும்.

கன்னியம்மா தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "மெதுவட மாதிரி. ஓட்ட சின்னதானா வட ஜாஸ்தி."

நான் இத்தனை வருடமாக இதைவிடச் சுருக்கமாக யாருக்கும் சொன்னதில்லை. இப்போது கடையில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் விளக்குகிறோம்.

மட் டயரையும் வேண்டாம் என்றேன். அதன் பெரிய பட்டன்கள், அதாவது மேலே துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள், சேற்றை வாரி எறிவதற்கானவை. உலர்ந்த மணலில் அவை மண்வெட்டி மாதிரி தோண்டும், வண்டி தன் குழியைத் தானே வெட்டிக்கொள்ளும். தவிர, இந்த வண்டி மணலில் ஓடுவது கொஞ்ச தூரம்தான். அதன் பிறகு காசிமேடு மார்க்கெட் வரை தார் ரோடு. அதற்கு ஆல் டெரெய்ன் டயர் போதும். நடுத்தரமான பட்டன், பாரம் தாங்கும் சுவர், ரோட்டில் இரைச்சலும் குறைவு.

ரிம்மைச் சின்னதாக்கும்போது பார்க்க வேண்டியது பிரேக். மேல்தட்டு வகை வண்டிகளில் பிரேக் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரும் சில சமயம் பெரியதாக இருக்கும். சின்ன ரிம் அதில் இடிக்கும். அளவு அட்டவணையை நம்பி விலைக்கு வாங்கிவிட்டுத் திரும்பி வந்தவர்கள் உண்டு. எங்கள் ஃபிட்டர் சலீம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். காலிப்பர் மேல் களிமண் உருண்டையை ஒட்டி, ரிம்மை மாட்டி, கையால் ஒரு சுற்று சுற்றுவார். கழற்றிப் பார்த்தால் நசுங்காமல் மிஞ்சிய களிமண்ணின் கனம்தான் இடைவெளி.

அதே மாடலின் கீழ்த்தட்டு வகைக்கு வருகிற பதினாறு இன்ச் இரும்பு ரிம்மை மாட்டிச் சுற்றினார். களிமண் விரல் கனத்துக்கு நின்றது.

"க்ளியர் மேடம்" என்றார் சலீம். "ஆனா அலாய் நட்டு இதுக்கு ஒக்காராது. இரும்பு ரிம்முக்கு வேற நட்டு போடணும்."

எல்லாம் மாட்டி முடித்ததும் கடைசி விஷயத்தைச் சொன்னேன். டயர் பாதி வேலைதான் செய்யும், மீதி காற்று. ரோட்டில் முப்பத்தைந்து பவுண்டு. மணலில் இறங்கும் முன் பதினெட்டுக்குக் குறைக்க வேண்டும். ரோட்டுக்கு ஏறியதும் மறுபடி அடித்துவிட வேண்டும்.

ஏழுமலைக்கு அதுவரை இருந்த பொறுமை போய்விட்டது. "காத்த எறக்குறதா? பஞ்சரான வண்டி மாரி நிக்குமே! என் சர்வீஸ்ல கம்மி காத்துல நான் வண்டியத் தொட்டதில்ல மேடம்."

கன்னியம்மா நான் கொடுத்த காற்று கேஜை வாங்கிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். ஏழுமலை நான்கு அலாய் வீல்களையும் கழுவித் துடைத்து வீட்டுக்கு எடுத்துப் போனார். அவற்றை டிவி பக்கத்தில் அடுக்கியதற்கு அவர் மனைவி போட்ட சண்டை, பின்னால் எனக்கு விரிவாகச் சொல்லப்பட்டது.

3. நாட்டார் டீ குடிக்கப் போன நேரம்

சில நாள் கழித்து கன்னியம்மா போன் செய்தார். "இன்னாமே டயர் குட்த்த?" என்றுதான் ஆரம்பித்தார்.

வண்டி முதல் இரண்டு நாள் முனகிக்கொண்டே மணலைத் தாண்டியிருக்கிறது. அன்றைக்குப் பாதியில் புதைய ஆரம்பித்துவிட்டது. "ஆறு பேரும் தோளு குட்த்து பின்னாடி தள்ளி எட்த்துட்டோம். நாட்டாரு டீ குடிக்கப் போயிருந்தாரு. கடவுளு அவுருக்கு அந்த நேரத்துல டீ குடிக்கணும்னு தோண வெச்சாரு. நாளிக்கும் தோணுமா?"

"காத்து எறக்குனீங்களா?"

"தெனம் என் கையால எறக்கறேன். பதினெட்டு. உன் மிஷின்ல பாத்துதான்."

பதினெட்டு பவுண்டில் அந்த டயர் புதையக் கூடாது. எனக்குப் புரியவில்லை. போனில் தீராத விஷயம் என்று தெரிந்தது. மறுநாள் காலை சலீமைக் கூட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன்.

நாங்கள் போனபோது கன்னியம்மா தண்ணீர் ஓரத்தில் ஏலத்தில் நின்றிருந்தார். வண்டி அப்போதுதான் வந்து மணலின் விளிம்பில் நின்றது. நான் டயரைப் பார்த்தேன். நசுங்கி அகன்றிருக்க வேண்டிய டயர், பந்து மாதிரி நின்றது. கேஜை வைத்தேன். ஐம்பத்திரண்டு.

"ஏழுமலை அண்ணா, இதுல ஐம்பத்திரண்டு இருக்கு."

அவர் என்னைத் தனியே தள்ளி வரச் சொல்லிக் குரலைத் தாழ்த்தினார். "மேடம், நானே உங்கள்ட்ட சொல்லணும்னு இருந்தேன். டயர்ல எதோ கோளாறு. தெனம் ராத்திரி நாலும் எறங்கிப் போவுது. காலைல தட்டிப் பாத்தா தொப்பு தொப்புன்னு சத்தம். நேரா பஞ்சர் கடைக்குப் போயி நல்லா கல்லு மாரி அடிச்சிகினு வந்துர்றேன். அண்ணி ஆசையா வாங்கிச்சே, மனசு ஒடையும்னுதான் சொல்லல."

சலீம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது.

கன்னியம்மாவைக் கூப்பிட்டோம். அவர் சொன்னது மறு பாதி. "காலைல ஏலத்துக்கு நான் முன்னாடியே வந்துர்றேன். அதான் முந்தின சாய்ங்காலமே, இவுரு சாப்புட உள்ள போனதும், எறக்கிட்டுப் படுத்துக்குவேன். கண்ணு முன்னாடி எறக்குனா குதிப்பாரே! மீனு ஏத்துற அவசரத்துல மணல்ல டயர நான் பாக்கல. மறுநாளு ரோட்டுல பாத்தா கல்லு மாரி இருக்கும். ரோட்டுக்கு ஏறுனதும் நீ சொன்ன மாரி அடிச்சிட்டாரு, ஆளு திருந்திட்டாருன்னு நெனச்சேன்."

ஆக, தினமும் மாலையில் ஒருவர் ரகசியமாகக் காற்றை இறக்கியிருக்கிறார். தினமும் காலையில் இன்னொருவர் ரகசியமாக ஏற்றியிருக்கிறார். இரண்டு பேரும் மற்றவருக்கு வருத்தம் வரக் கூடாது என்றுதான் செய்தார்கள்.

"யோவ், நான் எறக்குனது யா அது!" என்றார் கன்னியம்மா.

"நீ எறக்குனியா? நான் அந்த பஞ்சர் கடக்காரன எத்தினி திட்டு திட்னேன் தெரியுமா அண்ணி? ஓட்டைய கண்டுபுடிக்கத் தெரியாதவன் எதுக்குடா கட வெச்சிகீறன்னு!"

4. ஏழுமலையின் நிபந்தனை

இதில் ஏழுமலையைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. பாரம் ஏற்றிய டிரெய்லரில் ஒரு டயரில் காற்று குறைந்தால் அது ரோட்டில் சூடேறி வெடிக்கும். மணலி சாலையில் முன்னால் போன டிரெய்லரின் டயர் அப்படி வெடித்து, அதன் துண்டு இவர் வண்டிக் கண்ணாடியில் வந்து அடித்திருக்கிறது. காலையில் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிச் சத்தம் கேட்காமல் இந்தப் பக்கத்து டிரைவர்கள் வண்டியை எடுக்க மாட்டார்கள். அந்தப் பழக்கம்தான் அவரை இத்தனை வருடம் முழுசாக வீட்டுக்கு அனுப்பியது.

அதைத்தான் அவரிடம் சொன்னேன். "நீங்க சொல்றது ரோட்டுக்கு நூத்துக்கு நூறு சரி. மணல்ல நீங்க நடக்குற வேகத்துக்குத்தான் போவீங்க. அந்த வேகத்துல டயர் சூடாகாது."

யோசித்தார். அதற்குள் முதல் படகுகள் வந்துவிட்டன. நாட்டார் டீக்கடையில் இல்லை. படகு ஏற்றும் பாதையின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"சரி" என்றார் ஏழுமலை. "எறக்குங்க. ஆனா தாரு மேல ஏறுன ஒடனே காத்து அடிக்கணும். அத்த நான்தான் அடிப்பேன். எவ்ளோன்னு மேடம் சொன்ன கணக்குதான். ஆனா கை என்து."

"எறக்குற கை என்து" என்றார் கன்னியம்மா.

ஒப்பந்தம் முடிந்தது. பெண்கள் டயருக்கு ஒருவராக உட்கார்ந்து வால்வை அழுத்தினார்கள். கேஜ் கை மாறிக்கொண்டே இருந்தது. ஏழுமலை அந்த நேரம் முழுக்க வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார். "முடிஞ்சதும் சொல்லுங்க. என்னால பாக்க முடியாது."

பிறகு ஏறி, மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் லோ ரேஞ்ச் கியரில் போட்டு, மணலில் இறக்கினார். டயர்கள் சப்பையாகி அகன்றன. முந்தின நாள் புதைந்த இடம் வந்தபோது வேகம் குறைந்தது. எஞ்சின் சத்தம் கனத்தது. வண்டி நின்ற மாதிரியே இருந்தது.

"நிறுத்தாத ஏயுமல! ஒடிக்காத! நேரா புடி!" கன்னியம்மா பின்னாலேயே ஓடினார்.

வண்டி நிற்கவில்லை. அந்த இடத்தை மெதுவாக மிதித்துக் கடந்து, தண்ணீர் ஓரத்தில் படகுக்குப் பக்கத்தில் போய் நின்றது. கிரேட்டுகளை ஏற்றினார்கள். திரும்பி வரும்போது பாரம் இருந்தது. அதே தடத்தில் வந்தது. இந்தத் தடவை யாரும் ஓடவில்லை.

நாட்டார் நடந்துபோய், டயர் போன தடத்தில் காலை வைத்து அழுத்திப் பார்த்தார். அகலமான, ஆழமில்லாத தடம்.

"வரலாம்" என்றார். "ஆனா போட்டு ஏறும்போது ஹாரன் அடிக்கக் கூடாது. இவன் டிரெய்லர் ஓட்டுன நெனப்புல அடிக்கிறான், வூட்ல கொயந்திங்க தூக்கம் போவுது."

தார் ரோட்டில் ஏழுமலை சின்ன கம்ப்ரஸரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மீன் கெடும் என்று பெண்கள் கத்தினார்கள். முப்பத்தைந்து வரும்வரை அவர் அசையவில்லை.

அதற்கு முன்பெல்லாம் டயர் கேட்டு வருபவரிடம் நான் நான்கு கேள்வி கேட்பேன்: எந்த வண்டி, எவ்வளவு பாரம், எந்த ரோடு, எவ்வளவு தூரம். இப்போது ஐந்தாவதாக ஒன்று கேட்கிறேன்: வண்டிக்குக் காற்று யார் அடிப்பது? புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களும் அதைக் கேளுங்கள். ரிம் அளவும் பிரேக் இடைவெளியும் அட்டவணையிலோ களிமண்ணிலோ தெரிந்துவிடும். வீட்டில் யார் யாருக்குத் தெரியாமல் வண்டிக்கு நல்லது செய்கிறார்கள் என்பது கேட்டால்தான் தெரியும். இரண்டு பேர் பெயர் வந்தால், இரண்டு பேரையும் கடைக்கு வரவழைத்த பிறகே நான் டயரை அடுக்கிலிருந்து எடுக்கச் சொல்கிறேன்.