சிர்கா பிட்டுத் தின்ற ரொட்டி

சிர்கா பள்ளியில் புவியியல் நடத்தியவள். தலைமையாசிரியையோடு ஒத்துவராமல் வேலையை விட்டுவிட்டு, தலைநகர் பிஷ்கேக்கில் ஒரு கண்காணிப்பு அமைப்பில் சேர்ந்தாள். போலீஸ் பிடித்த ஆளை முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது அரசின் கொள்கை. அது நடக்கிறதா என்று ஊர் ஊராகக் கேட்டு, யார் பக்கமும் சாயாமல் எழுதுவது அவள் வேலை. சொல்வதற்கு என்னவோ சுலபம்தான்.

நாரின் நகருக்கு மேலே ஒரு மலையூரிலிருந்து உல்கான் என்ற பெண் போனில் அழுதிருந்தாள். ஸ்டேஷனில் அவள் மகன் தெமிரின் கையை உடைத்துவிட்டார்களாம், டாக்டரும் வரவில்லையாம். அதை நம்பித்தான் சிர்கா கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். வந்தால், கேட்ட வீடெல்லாம் "நல்லா இருக்கோம், குறையொண்ணும் இல்ல" என்றது. அதில் ஒரு வீட்டிலும் ரொட்டி நீட்டவில்லை. அந்தப் பக்கத்தில் வாசல் மிதித்த ஆளை ஒரு துண்டு பிட்க வைக்காமல் யாராவது அனுப்புவார்களா? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

உல்கானும் வாசலிலேயே நிறுத்தினாள். "குதிரையிலேருந்து விழுந்துட்டான்."

"போன்ல வேற சொன்னீங்களே, அக்கா. நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"நீங்கதான் வந்ததும் சாப்பிட்டாச்சே. ஸ்டேஷன் அதிகாரி வீட்டுல."

சிர்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர் முனையில் வழி கேட்ட வீடு. வீட்டுக்காரி ரொட்டியை நீட்டினாள், இவள் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். நீட்டிய ரொட்டியை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"யார் வீடுன்னு தெரியாதுக்கா."

"சரி, தெரியாதுன்னே வச்சுக்குவோம். எழுதினத முதல்ல யாருக்குக் காட்டுவீங்க?"

பொய் சொல்ல சிர்காவுக்கு வாய் வரவில்லை. "போலீஸ் இலாகாவுக்குத்தான். பதில் சொல்ல ரெண்டு வாரம் குடுப்போம். பேரை எடுத்துருவோம்."

"பேரை எடுத்துட்டா? இந்த ஊர்ல கை ஒடிஞ்சவன் எத்தன பேரு இருக்கான்?"

கட்டுப்போட்ட கையோடு தெமிர் வெளியே வந்தான். பத்தொன்பது வயதிருக்கும். "பேரோடயே எழுதுங்கக்கா. அடி வாங்கினது நான்."

"எழுதாதீங்க" என்றாள் உல்கான்.

சட்டப்படி அவன் சொல்தான் செல்லும். ஆனால் உண்மையை எழுதினால் அவனுக்கு ஆபத்து. குறை இல்லை என்று எழுதினால் பச்சைப் பொய். ஒன்றும் எழுதாமல் போவதற்கு இவ்வளவு தூரம் வருவானேன்? சிர்காவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"சாட்சி சொல்றவங்க பாதுகாப்புக்கு நாங்க பொறுப்பு" என்றாள், வழக்கமாகச் சொல்வதுபோல.

உல்கான் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படின்னா அந்த ரெண்டு வாரமும் இவன உங்க வீட்டுல வச்சுக்குவீங்களா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் வீடு ஒரே அறை. அமைப்பு சம்மதிக்குமா? சாட்சியைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டவளின் அறிக்கையை யார் நம்புவார்கள்? அவள் வாய் திறப்பதற்குள் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தெமிர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தான்.