ஸிப் வைத்த சாறியும் என் வயிற்றெரிச்சலும்

என் கணவரின் தங்கைக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன், சொல்லியும் இருக்கிறேன். சிட்னியின் நார்த்மீட்டில் எங்கள் வீட்டுக் கராஜில் இருந்தபடி, இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் சாறிச் சட்டை தைத்துக் கொடுப்பவள் நான். ஆனால் சிட்னித் தமிழர் கொண்டாடுவது அவளை.

அவள் கண்டுபிடித்தது ஒரு சாறி. கொய்யக மடிப்புகளை முன்கூட்டியே மடித்துத் தைத்து, இடுப்பில் ஸிப் வைத்து, போன் வைக்க உள்ளே ஒரு பொக்கற்றும் விட்ட சாறி. இங்கே பிறந்த பெண்பிள்ளைகள் காற்சட்டை போல மாட்டி இழுத்துப் பூட்டிவிட்டுக் கலியாண வீட்டுக்கு ஓடலாம். அந்த யோசனையை முதலில் என்னிடம்தான் கொண்டு வந்தாள். "சாறிக்கு ஸிப் வைச்சால் அது என்ன சாறி?" என்று சிரித்து அனுப்பிவிட்டேன். அவள் வேறொரு தையற்காரியைப் பிடித்தாள். பிறகு இங்கே ஒரு கடை, மெல்பேர்னில் டார்னெய்ட்டில் இன்னொன்று. அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்தராத்திரியிலும் குடை பிடிப்பானாம். இவள் வெயிலில்லாத நாளிலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவாள்.

என் கணவர் சாப்பாட்டு மேசையில் "என்ர தங்கச்சியின்ர மூளை..." என்று தொடங்கினால் எனக்கு வயிறு எரியும். அடுத்த நாள் அவருடைய குழம்பில் உப்புக் கூடும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கலியாணத்தில், அவளுடைய சாறி உடுத்த தோழிப் பெண்களின் ஸிப்புகள் மேடையிலேயே பிரிந்துவிட்டன. ஓடர்கள் ஒவ்வொன்றாக நின்றன. டார்னெய்ட் கடையைப் பூட்ட வேண்டி வரலாம் என்று கேள்விப்பட்ட அன்று நான் பாயாசம் வைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் செத்தல் மிளகாயும் உப்புமாக வந்து நின்றாள்.

"மச்சாள், ஆரோ பொல்லாத கண் போட்டிட்டினம். நீங்கள்தான் கண்ணூறு கழிச்சுவிட வேணும்."

"நான் ஏன்?"

"உங்கட கைதான் வேணும்."

வீட்டுக்குள் எரித்தால் புகை அலாரம் கத்தும். அதனால் பின்வளவில் பாபிக்கியூ அடுப்பை மூட்டி, மிளகாயையும் உப்பையும் அவள் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டேன். நெடி ஏறி இருமல் வந்தால் கண்ணூறு இல்லை. நெடியே வராவிட்டால் இருக்கிறது. அதுதான் எங்கள் கணக்கு.

மிளகாய் கருகியது. நெடி துளியும் வரவில்லை. வலிந்து இருமினேன்.

"பாரும், என்ன நெடி! ஒருத்தரின்ர கண்ணும் இல்லை. ஸிப்தான் கூடாத ஸிப்."

அவள் இருமவில்லை. நெருப்பைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஸிப் கூடாதெண்டு எனக்கும் தெரியும், மச்சாள். அதை எப்பவோ மாத்திப்போட்டன். ஓடர் எல்லாம் திரும்பவும் வரத் தொடங்கிட்டுது. உங்கட கண்ணைக் கழிக்கத்தான் வந்தனான்."

நான் குனிந்து காஸை நிறுத்தினேன். நிமிர்ந்தபோது அவள் உடுத்திருந்த புதுச் சாறி கண்ணில் பட்டது. ஸிப் எங்கே இருக்கிறது என்று எவ்வளவு தேடியும் தெரியவில்லை. அவ்வளவு வடிவாக வைத்திருந்தாள். அந்த இடத்திலேயே எனக்குத் திரும்பவும் வயிறு எரியத் தொடங்கிவிட்டது.