யாளி பறக்கலாம், அட்டை அளவாகக் கடிக்கட்டும்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுத்துக்கும் எனக்கும் இருந்த உறவு பள்ளிக்கூடத்து ஓ/எல் பரீட்சையோடு முறிந்துவிட்டது. ஆனால் கேமை விளையாடிப் பிழை பார்க்க எங்கள் அறைக்குப் புதிதாக வருகிற டெஸ்டர்கள் எல்லாரும் முதல் வாரத்திலேயே ஒரே சண்டையைத்தான் பிடிக்கிறார்கள். "மாயாஜால கேம்ல எதுக்கு இவ்வளவு நெசம்?" என்பான் ஒருவன். "இன்னும் நெசமா இருக்கணும்" என்பான் அடுத்தவன். இருவருக்கும் பதில் சொல்லி எனக்குத் தொண்டை போய்விட்டது. "ஒருக்கா எழுதி ஒட்டி வைங்களேன் தம்பி" என்றார் எங்கள் முதலாளி ரிஸ்வான் நானா. ஒட்டிவிட்டேன். படித்துவிட்டுச் சண்டை போடுங்கள்.

1. சிரித்ததால் கிடைத்த வேலை

பதுளை டவுனில் ஒரு ஃபோன் கடைக்கு மேலே எங்கள் அறை. ஃபோன் கடையும் நானாவுடையதுதான். கேம் செய்ய வேண்டும் என்பது அவருடைய சின்ன வயது ஆசை. புரோகிராம் எழுதுவது தர்ஷினி அக்கா, கெம்பஸில் பட்டம் முடித்தவர். நான் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று வருடம் மேசை துடைத்துவிட்டுத் திரும்பி வந்தவன். படிப்பில் எங்களுக்குள் இருந்த தூரத்தைப் பஸ்ஸில் கடக்க இரண்டு முறை மாறி ஏற வேண்டும்.

முதல் நாள் கேமைக் காட்டினார்கள். நாமே ஒரு பாத்திரமாக மாறி மாய உலகத்தில் உலாவுகிற ரோல் பிளேயிங் கேம். நாயகி பூவாயி, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். மலை உச்சியில் ஒரு மந்திரக் கொழுந்து இருக்கிறது. அதை ஒரு பறக்கும் யாளி காவல் காக்கிறது. கொழுந்தைக் கொண்டுவந்தால் ஊரின் நோய் தீரும்.

பூவாயி கூடையைக் கையில் கோத்துக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வோர் இலையாகக் கிள்ளினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னத்துக்கு சிரிக்கிறீங்க?" என்றார் நானா.

"நானா, இவ கொழுந்து எடுக்குறாளா, இல்ல கல்யாண வீட்டுல பூ வாங்கிட்டு நிக்கிறாளா?"

கூடைக் கயிறு தலையில் மாட்டியிருக்கும், கூடை முதுகில் தொங்கும், இரண்டு கையும் வேலை செய்யும், செடி கீறாமல் இருக்க இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியிருக்கும் என்று எழுந்து நின்று நடித்துக் காட்டினேன். தர்ஷினி அக்கா பேனாவை எடுத்தார். நானா நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"மூணு மாசம் பாப்பம். கொழும்பில இருந்து காசு போடுற பெரிய சேர் ஒருத்தர் டெமோ பாக்க வாறார். அவர் பிடிச்சிருக்கு எண்டால் நாங்க எல்லாரும் இரிப்பம். இல்லாட்டி மேல் மாடிய மூடிட்டு நான் கீழ ஃபோன் விப்பேன். நீங்க...?"

"நான் மேச தொடப்பேன் நானா" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். உள்ளே சிரிப்பு இல்லை.

2. நிபுணர் ஆனேன்

கூடையைத் திருத்தியதும் எனக்குத் தலை கால் புரியவில்லை. தோட்டத்து லய வீட்டு வரிசையில் பிறந்தவன், இந்த அறையில் தோட்டம் தெரிந்த ஒரே ஆள். வாயைத் திறந்தால் அக்கா எழுதிக்கொள்கிறார். விடுவேனா?

பத்து எட்டுக்கு ஓர் அட்டை காலில் ஏறி இரத்தம் குடிக்க வேண்டும் என்றேன். நின்று உப்புத் தேய்த்தால்தான் அது விழும். மழை பெய்தால் சாக்கு நனைந்து கனக்கும், பூவாயி மெதுவாகத்தான் நடப்பாள். கூடை நிறைந்தால் அடிவாரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கி எடை போட்டுவிட்டு மறுபடி ஏற வேண்டும். சேற்றில் வழுக்க வேண்டும்.

"இதெல்லாம் சரி, யாளி எப்படா வரும்?" என்றார் அக்கா.

"அவசரப்பட்டா எப்படிக்கா? அவ இன்னும் மலையே ஏறலயே."

"நெருப்புக் கக்குற யாளிய வச்சுக்கிட்டு நீ சேத்துக்குக் கணக்குப் பாக்குற."

"நீங்கதான் சொல்லணும், அது வயித்துக்குள்ள கேஸ் சிலிண்டர் எங்க இருக்குன்னு."

அக்கா என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். ஆனாலும் சொன்னதெல்லாம் செய்து தந்தார். நானும் விளையாடிப் பார்த்தேன். அட்டை கடிக்கும்போதெல்லாம் பெருமையாக இருந்தது.

3. மேகலாவின் தீர்ப்பு

சேர் வர ஒரு வாரம் இருந்தது. வெளியாள் ஒருவர் விளையாடிப் பார்க்கட்டும் என்றார் நானா. மேகலாவைக் கூப்பிட்டேன். ஒரே லயத்தில் பக்கத்து வீடு, பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. பகலில் கொழுந்து எடுப்பாள். மற்ற நேரம் ஃபோனில் கேம் விளையாடி என் பெயரை எல்லாப் பட்டியலிலும் கீழே தள்ளுவாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தாள்.

கண்ட்ரோலரை வாங்கினாள். அட்டை கடித்தது, உப்புத் தேய்த்தாள். மழை வந்தது. வழுக்கினாள். மடுவத்துக்கு இறங்கினாள். ஏறினாள். அட்டை. உச்சி இன்னும் தூரத்தில் இருந்தது. கண்ட்ரோலரை மேசையில் வைத்தாள்.

"என்னாடா சசி இது?"

"ஏன், நெசமா இல்லையா?"

"நெசமாத்தான் இருக்கு. ஆறு நாள் செய்யிறத ஏழாவது நாளும் செய்யச் சொல்லி பஸ் ஏத்தி கூட்டியாந்திருக்க. சம்பளம் குடுக்குறப்பவே அட்டைய சகிக்க முடியல, நீ சும்மா கடிக்க விடுற."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். நானா சிரிக்கவில்லை. "சேரும் இப்பிடித்தான் பாதியில வைப்பார்" என்றார். கொழும்புச் சாப்பாட்டுக் கடையின் ஈரத்துணி வாசம் எனக்கு மூக்கில் அடித்தது.

மறுநாள் எல்லாவற்றையும் தூக்கினோம். அட்டை இல்லை, மழை இல்லை, கூடைக்கு எடையே இல்லை. புதன்கிழமை பௌர்ணமி, போயா லீவு. மேகலாவை மறுபடி கூப்பிட்டேன்.

இந்த முறை பறந்தாள். பாறையில் தாவினாள், யாளியின் நெருப்புக்கு நடுவில் குனிந்து ஓடினாள், உச்சிக்கு வந்தாள். மந்திரக் கொழுந்து பளபளத்தது. பூவாயி கையை நீட்டிக் கிள்ளப் போனாள்.

மேகலா நிறுத்திவிட்டாள்.

"பொலி சொல்லலயே?"

நானாவும் அக்காவும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

"பொலின்னா என்ன?" என்றார் அக்கா.

"புது மலையில மொதக் கொழுந்து எடுக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் சேந்து 'பொலியோ பொலி'ன்னு சத்தம் போடுவோம்க்கா. கொழுந்து நல்லா பெருகணும்னு. அது சொல்லாம எனக்குக் கை வராது."

"யாளி பறக்குது, வாயில நெருப்பு வருது. அதெல்லாம் ஒத்துக்கிட்ட. இதுக்கு நின்னுட்டியா?"

"யாளிய நான் பாத்ததில்லக்கா, அது எப்படி வேணா இருந்துட்டுப் போகட்டும். கொழுந்து எடுக்குறது எனக்குத் தெரியும்ல?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "டேய், நீ ஒரு நாளாவது கூடை போட்டிருக்கியா?"

போட்டதில்லை. மலைக்கு அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டு போயிருக்கிறேன், அவ்வளவுதான். அட்டை என்னைக் கடித்தது, அதனால் அட்டை தெரியும். பொலிச் சத்தமும் காதில் விழுந்துதான் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த கஷ்டத்தையெல்லாம் கேமில் திணித்தேன், கேட்டதை விட்டுவிட்டேன்.

"சரி, இப்ப சொல்லு, ரெக்கார்ட் பண்றேன்" என்றேன்.

"நான் ஒருத்தி தனியா சொன்னா அது பொலியாடா?"

மறுநாள் காலை வேலை தொடங்கும்போது தன் ஃபோனில் பதிவு செய்து அனுப்பினாள். இருபது பேர் குரல், காற்று, நடுவில் யாரோ ஒருத்தியின் சிரிப்பு, கடைசியில் கங்காணி, "ஃபோன வைம்மா, கொழுந்த எடு!" அக்கா சத்தத்தைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார். கங்காணியை வெட்டலாம், சிரிப்பை வெட்ட வேண்டாம் என்று கெஞ்சினேன்.

பூவாயி உச்சியில் நின்று பொலி சொல்கிறாள். கண்ணுக்குத் தெரியாத மலைகளிலிருந்து இருபது குரல் பதில் சொல்கிறது. கொழுந்து துளிர்க்கிறது. அந்தச் சத்தத்தில் யாளி விழித்துத் தலையைத் திருப்புகிறது. வழக்கத்தைச் சேர்க்கப் போய் எங்கள் கேமின் மிகப் பயங்கரமான இடம் கிடைத்துவிட்டது.

அட்டையையும் திரும்பக் கொண்டுவந்தேன். ஒரே ஓர் அட்டை. பொலி சொன்ன பிறகு பூவாயி செடிக்கடியில் மூச்சை அடக்கி ஒளிந்திருப்பாள், யாளி மோப்பம் பிடித்து அருகில் வரும். அப்போதுதான் அது காலில் ஏறும். தட்டினால் சத்தம் கேட்கும். பொறுத்தால் உயிர் போகும் அரிப்பு.

4. சேரின் கால்

வெள்ளிக்கிழமை சேர் வந்தார். அதிகம் பேசாத மனிதர், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விளையாடினார். நானா தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சேர் உச்சிக்கு வந்தார், பொலிச் சத்தம் அறையை நிறைத்தது, செடிக்கடியில் ஒளிந்தார். அட்டை ஏறியது.

பளார் என்று ஒரு சத்தம். கேமில் இல்லை, மேசைக்கடியில். சேர் தன் காலிலேயே அடித்துக்கொண்டார்.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த அட்டைய மட்டும் எடுத்துராதீங்க" என்றார். "மிச்சத்த எப்ப முடிச்சுத் தருவீங்க?"

நான் மேசை துடைக்கப் போகவில்லை. இன்றைக்கும் இதே நாற்காலியில்தான் இருக்கிறேன், உங்கள் பிழைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

ஆகவே தம்பி தங்கைகளே, சண்டைக்கு என் தீர்ப்பு இது. யாரும் பார்க்காததை இஷ்டத்துக்குச் செய்யுங்கள், யாளிக்கு நாலு இறக்கை வேண்டுமென்றாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவரின் கை தினமும் செய்கிற வேலையைக் கேமில் வைத்தால் அந்தக் கையிடம் போய்க் கேளுங்கள். அந்த வேலையின் களைப்பைக் கொடுக்காதீர்கள், அது அவர்களிடம் நிறையவே இருக்கிறது. எது இல்லாவிட்டால் அந்தக் கை நின்றுவிடுமோ, அதைக் கொடுங்கள். அட்டை ஒன்று போதும்.

சுவரில் ஒட்டும் முன் இதை மேகலாவுக்கு அனுப்பினேன். அவள் பெயர் இருப்பதால் அனுமதி கேட்க வேண்டுமல்லவா? சாப்பாட்டு நேரத்தில் மலையிலிருந்து பதில் வந்தது:

"எல்லாம் சரிதான்டா, எழுத ஆரம்பிக்கிறப்ப பொலி சொன்னியா?"