அம்மாவின் முந்தானை முடிச்சு

உத்திரமேரூர் ஏரிக்கரையில் அன்று அம்மா, நைனா, ஞானஸ்நானம் கொடுக்க வந்த சபைப் போதகர் ஐயர், நான். அவ்வளவு பேர்தான். இன்று மருமகள் மாத்திரை வாங்க மறக்காமலிருக்க முந்தானையில் முடிச்சுப் போட்டாள். அந்த நாள் ஞாபகம் வந்தது.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. விசுவாசப் பிரமாணத்தின் பன்னிரண்டு வரிகளையும் ஒப்பித்தால்தான் ஞானஸ்நானம் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். பழைய புடவை முந்தானையில் வரிக்கு ஒரு முடிச்சுப் போட்டு மனப்பாடம் செய்தாள். ஏரிக்குக் கட்டி வந்ததோ புது வெள்ளைப் புடவை. மூன்றாவது வரியில் நின்றுபோனாள்.

"முடிச்செல்லாம் வூட்லயே தூங்கிக்கினு கீதா?" என்று நைனா சிரித்தார்.

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "வார்த்த மறந்துபூட்ச்சி ஐயிரே. ஏசு என்னக் கைவுடமாட்டாரு. அது மட்டும் மறக்கல."

"அதாம்மா விசுவாசம். தண்ணில எறங்கு," என்றார் ஐயர்.

தலை நனைந்து எழுந்தவள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். வீட்டில் பழைய புடவையின் முடிச்சுகளை நான்தான் அவிழ்த்தேன்.

பன்னிரண்டு.